முளையம் முதலா, கழுத்து முதலா? கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற ஒரு வாசகிக்குப் பதில்

திருகோணமலை நகரை அண்டிய ஊரொன்றிலிருந்து 37 வயதுடைய ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

திருமணமாகிப் பத்து ஆண்டுகள். மூன்றாவது ஆண்டில் சிகிச்சை தொடங்கியது. ஆறு மாதங்கள் முட்டை முதிர்வதைத் தூண்டும் குளோமிபீன் குளிசை, பிறகு அதே வேலைக்கான லெட்ரோசோல்; அதன் பின்னர்தான் கணவரின் விந்தணுப் பரிசோதனையை யாரோ கேட்டார்கள், குறை அங்கேதான் இருந்தது. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்வந்து, தனியார் நிலையமொன்றில் சூலகங்களைத் தூண்டும் ஊசிகளோடு இரண்டு தடவை ஐ.வி.எப். (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும்) சிகிச்சை செய்துகொண்டார். முதல் தடவை கரு தங்கவில்லை. அவருக்கு 35 வயதாக இருந்தபோது நடந்த இரண்டாவது தடவையில் மூன்று முளையங்களை, அதாவது அப்படி உருவான ஆரம்பநிலைக் கருக்களை, உறையவைத்திருக்கிறார்கள். பணம் சேர்த்துக்கொண்டு இந்த ஆண்டு அவற்றில் ஒன்றைக் கருப்பையில் வைக்கத் தயாரானபோது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் வேலையைக் காட்டும் ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை 4.8 என்று, வேண்டியதைவிடக் கூடுதலாக வந்தது. அதற்காகத் தைரொயிட் ஓமோன் குளிசையான தைரொக்சினை எழுதிக்கொடுத்த வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்த்து, வலப்பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று ஸ்கானுக்கு அனுப்பினார். கட்டியின் அளவு 14 மில்லிமீற்றர். மெல்லிய ஊசியால் கலங்களை எடுத்துப் பார்த்ததில் பெதஸ்டா அளவுகோலின் கடைசிப் படியான ஆறாம் வகை, அதாவது புற்றுநோய் என்றும், அது பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் என்றும் அறிக்கை சொல்கிறது. கழுத்து நிணநீர்க் கணுக்களில் சந்தேகப்படும்படி எதுவும் ஸ்கானில் இல்லை.

வீட்டில் நிலைமை வேறு. கருத்தரிப்பு மருந்து எடுத்தவர்களுக்குத் தைரொயிட் புற்றுநோய் இரண்டு மடங்கு வருகிறது என்று கனடாவிலிருந்து மச்சாள் செய்தி அனுப்பியிருக்கிறார். “அந்த ஊசிகள் வேண்டாமென்று நான் அப்பவே சொன்னனான்” என்கிறார் மாமி. குறை தன் மகனிடம் இருந்தது என்பது மாமிக்கு இன்றுவரை தெரியாது. கணவரோ, தன்னால்தான் மனைவிக்கு இந்த நோய் வந்தது என்று நினைத்துச் சரியாகச் சாப்பிடுவதுமில்லை, பேசுவதுமில்லை. வாசகி கேட்பவை நான்கு: மருந்துதான் காரணமா? வயது போய்க்கொண்டிருப்பதால் முளையத்தை முதலில் வைத்துவிட்டுக் கழுத்தைப் பிறகு பார்க்கலாமா? சத்திரசிகிச்சைக்குப் பிறகு எஞ்சிய தைரொயிட் கலங்களை அழிக்கத் தரும் கதிரியக்க அயடீனைக் கொடுத்தால் பிறக்கும் பிள்ளைக்கு ஊனம் வருமா? அயடீன் கலந்த உப்பை இப்போதே நிறுத்த வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அறிக்கைகளின் எண்களை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது எனக்குப் பெரிய உதவி. அந்த எண்களைக் கொண்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். தைரொயிட் புற்றுநோய்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை பப்பிலரி வகையைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. சுரப்பிக்குள்ளேயே நிற்கும் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருப்பவர்களின் விகிதம் அந்த நோய் இல்லாதவர்களின் விகிதத்தோடு ஏறக்குறைய ஒத்ததாகவே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் விடலாம் என்று நான் சொல்லவில்லை. சில வாரங்கள் எடுத்து, கேட்க வேண்டியவற்றைக் கேட்டு, ஒழுங்காகத் திட்டமிடுவதற்கு இந்த நோய் உங்களுக்கு அவகாசம் தருகிறது என்பதே நான் சொல்ல வருவது. நீங்கள் எழுதியிருக்கும் அவசரம் நோயிலிருந்து வந்ததல்ல, வீட்டிலுள்ள பேச்சிலிருந்து வந்தது.

மருந்துதான் காரணமா?

மச்சாள் அனுப்பிய செய்தி வெறும் வதந்தி அல்ல. அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1963 முதல் 1998 வரை டென்மார்க்கில் குழந்தையின்மைக்காகச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 54,362 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2008 இல் வெளியானது. குளோமிபீன் எடுத்தவர்களில் தைரொயிட் புற்றுநோய், எடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிந்தது. செய்தி அத்தோடு நின்றுவிட்டது. ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. அந்த 54,362 பேரில் தைரொயிட் புற்றுநோய் வந்தவர்கள் மொத்தம் 29 பேர் மட்டுமே. எண்ணிக்கை இவ்வளவு சிறிதாக இருக்கும்போது கணக்கின் எல்லைகள் விரிந்துவிடும்: உண்மையான அளவு, வித்தியாசமே இல்லை என்று சொல்லக்கூடிய நிலையிலிருந்து ஐந்து மடங்கு வரை எங்கேயும் இருக்கலாம் என்றே அந்த ஆய்வு காட்டியது. பத்தாயிரம் பேரில் ஐந்தாறு பேருக்கு வரும் ஒன்று இரு மடங்கானாலும், மருந்து எடுத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு அது வருவதே இல்லை.

மாமி குறைசொல்லும் ஊசிகளைப் பற்றியும் அதே ஆய்வு பேசுகிறது. சூலகங்களைத் தூண்டும் ஊசிகள் எடுத்தவர்களில் அபாயம் கூடியதாக அதில் தெரியவில்லை. சந்தேகம் விழுந்தது பழைய, மலிவான குளிசையின் மேல்தான். கருப்பையைக் கர்ப்பத்துக்குத் தயார்செய்யும் ஓமோனான புரொஜெஸ்ரோன் எடுத்தவர்களுக்கு இன்னும் பெரியதொரு எண் வந்தது. ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிலிருந்து வந்தது, அதன் எல்லைகள் இரண்டு மடங்குக்கும் ஐம்பது மடங்குக்கும் இடையில் விரிந்து கிடந்தன. முளையத்தை வைக்கும் காலத்தில் உங்களுக்கும் புரொஜெஸ்ரோன் தருவார்கள் என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன். அத்தகைய எண்ணை நம்பி எந்த வைத்தியரும் முடிவெடுக்க மாட்டார். நீங்களும் எடுக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. குழந்தைக்காக வைத்தியரிடம் போகும் பெண்ணின் கழுத்தையும் தைரொயிட் ஓமோன்களையும், மற்றப் பெண்களைவிட அதிக தடவைகள் பரிசோதிக்கிறார்கள். தேடினால் கிடைக்கும். தென்கொரியாவில் 1999 முதல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு கழுத்து ஸ்கானும் பரவலாகியது. 2011 இல் அங்கே தைரொயிட் புற்றுநோய் 1993 இல் இருந்ததைப் போல 15 மடங்காகப் பதிவானது. ஆனால் அதனால் இறந்தவர்களின் தொகை மாறவே இல்லை. நோய் பெருகவில்லை, கண்டுபிடிப்புத்தான் பெருகியது. அதோடு, தைரொயிட் சரியாக வேலை செய்யாமையே கருத்தரிப்பைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், மருந்து சுரப்பியைக் கெடுத்ததா, சுரப்பியில் ஏற்கெனவே இருந்த கோளாறு மருந்துவரை கொண்டுபோனதா என்று பிரித்தறிவதும் கடினம். உங்கள் விடயத்தில் குறை கணவரிடம் இருந்ததால் இந்த இரண்டாவது வாதம் அவ்வளவு பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே என் பதில்: உங்கள் கட்டிக்குக் குளோமிபீன் ஒரு சிறு பங்கும் அளிக்கவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, அதுதான் காரணம் என்று சொல்வதற்கும் யாரிடமும் ஆதாரம் இல்லை. ஒரு சொட்டு மருந்தும் எடுக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களில் மூன்று மடங்கு அளவுக்கு, அதுவும் பிள்ளை பெறும் வயதிலேயே, இது காணப்படுகிறது. இலங்கைப் பெண்களில் அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களின் வரிசையில் இது முன்னணியில் இருக்கிறது. நோய் வந்த பிறகு காரணம் தேடுவதால் சிகிச்சை எந்த வகையிலும் மாறப்போவதில்லை.

ஆறு மாதங்களுக்கும் மேலாக உங்களுக்குக் குளிசை தந்த பிறகுதான் கணவரைப் பரிசோதித்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. விந்தணுப் பரிசோதனை மலிவானது, வலியில்லாதது, முதல் நாளிலேயே கேட்கப்பட வேண்டியது. நம் பக்கத்தில் இன்னமும் பெண்ணைத்தான் முதலில் மேசையில் ஏற்றுகிறார்கள். இதை வாசிக்கும் இளம் தம்பதியர், இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எதை முதலில் செய்வது?

வயது போகிறது என்ற உங்கள் கவலையில் ஒரு பிழை இருக்கிறது. முட்டைக்குத்தான் வயது பெரும் தடை. உங்கள் முளையங்கள் −196 பாகை செல்சியசில், திரவ நைதரசனில் இருக்கின்றன. உங்களுக்கு 39 வயதானாலும் அவற்றின் வயது 35 தான். ஓராண்டு காத்திருந்தால் அவை பழுதாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியல்ல. அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்; கர்ப்ப காலத்து இரத்த அழுத்தமும் நீரிழிவும் தாயின் வயதோடு கூடுபவை. முளையச் சேமிப்பு ஒப்பந்தத்தின் புதுப்பிப்புத் திகதியைப் பாருங்கள், அதில் இருவரும் கையொப்பமிட வேண்டியிருக்கும்.

முளையத்தை முதலில் வைப்பது நினைத்தும் பார்க்கக்கூடாத ஒன்றல்ல. கர்ப்பமாக இருக்கும்போது இத்தகைய சிறிய கட்டி தெரியவந்தால், பல சமயங்களில் ஸ்கான் மூலம் கவனித்துக்கொண்டிருந்து, பிரசவத்துக்குப் பிறகே சத்திரசிகிச்சை செய்கிறோம்; அப்படிக் காத்திருந்தவர்களின் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. கட்டி விரைவாக வளர்ந்தாலோ கணுக்களுக்குப் பரவினாலோ இரண்டாவது மும்மாதத்தில் சத்திரசிகிச்சை செய்யலாம். ஆனால் கர்ப்பத்தின் நடுவில் நோய் தெரியவருவது ஒன்று, நோயைத் தெரிந்துகொண்டே கர்ப்பத்தைத் தொடங்குவது வேறொன்று. இத்தனை ஆண்டுகள் காத்துப் பெறும் கர்ப்பத்தில் ஒவ்வொரு ஸ்கானுக்கும் கழுத்தை நினைத்து நடுங்கிக்கொண்டு போவதையும், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுச் சத்திரசிகிச்சைக்குப் படுப்பதையும் நீங்கள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? முளையங்கள் காத்திருக்கக்கூடியவை என்பதால், கழுத்தை முதலில் முடித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. தீர்மானம் உங்களுடையது, ஒப்புதல் பத்திரத்தில் கையொப்பமிடுபவர் நீங்களே.

சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்க வேண்டியவை

முதலாவது, பாதியா முழுவதுமா என்பது. ஒன்று முதல் நான்கு சென்ரிமீற்றர் வரையான, சுரப்பியைத் தாண்டாத, கணுக்களில் பரவாத கட்டிக்கு நோயுள்ள பாதியை மட்டும் அகற்றுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். பாதியை எடுத்தால், மீதிப் பாதி ஓமோனைச் சுரந்துகொண்டிருக்கும். பக்கத்திலுள்ள சிறு சுரப்பிகள் பாதிக்கப்பட்டு இரத்தத்தில் கல்சியம் நிரந்தரமாகக் குறைந்துபோகும் ஆபத்தும் அநேகமாக இல்லை. முழுவதையும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தைரொக்சின் வேண்டும், ஆனால் பின்னாளில் இரத்தப் பரிசோதனையால் நோயைக் கண்காணிப்பது இலகு, கதிரியக்க அயடீன் தேவைப்பட்டால் கொடுக்கவும் முடியும். பாதியை எடுத்த பிறகு வரும் நோயியல் அறிக்கையைப் பார்த்து மறுபாதியையும் எடுக்கச் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. அதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றமாக இருக்காது.

இரண்டாவது, உங்கள் குரல். நீங்கள் ஆசிரியை. குரல்நாண்களுக்குப் போகும் நரம்பு தைரொயிட்டின் பின்புறத்தை ஒட்டியே ஓடுகிறது. அதில் பட்டால் குரல் கம்மும், பெரும்பாலும் தற்காலிகமாக, சிலருக்கு நிரந்தரமாக. சத்திரசிகிச்சைக்கு முன் குரல்நாண்களைப் பரிசோதிப்பார்களா என்றும், நிபுணர் தைரொயிட் சத்திரசிகிச்சைகளை அடிக்கடி செய்பவரா என்றும் கேளுங்கள். அடிக்கடி செய்பவர்களின் கையில் இந்தச் சிக்கல்கள் குறைவு. இப்படிக் கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்று தயங்கவும் வேண்டாம். இரண்டாவது அபிப்பிராயம் பெறுவது உங்கள் உரிமை. மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ கடிதம் தரும்படி கேட்கலாம்; அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, ஐ.வி.எப். செலவுக்குப் பிறகு இதற்கும் நகையை அடகுவைக்க வேண்டுமோ என்ற உங்கள் பயம் தேவையற்றது.

கதிரியக்க அயடீனும் பிள்ளையும்

எல்லாருக்கும் அது கட்டாயம் என்று நினைத்திருக்கிறீர்கள். முன்பு அப்படித்தான் தாராளமாகக் கொடுத்தார்கள். முழுச் சுரப்பியும் அகற்றப்பட்ட, அபாயம் குறைந்த 776 நோயாளிகளை வைத்துப் பிரான்சில் செய்து 2022 இல் வெளியான ஆய்வில், அயடீன் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நூற்றுக்கு 95 இற்கும் மேற்பட்டோர் எந்தப் பிரச்சினையுமின்றி இருந்தார்கள். நோயியல் அறிக்கை சாதகமாக வந்தால் உங்களுக்கும் அது தேவைப்படாமல் போகலாம்.

தேவைப்பட்டால், கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே கொடுப்பார்கள். அதன்பின் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இந்த இடைவெளியைக் கடைப்பிடித்துப் பெற்ற பிள்ளைகளில் ஊனம் கூடியதாகக் காணப்படவில்லை. மாதவிடாய் சில மாதங்கள் ஒழுங்கற்றுப் போகலாம். சூலகங்களில் மீதமிருக்கும் முட்டைகளின் இருப்பு ஓரளவு குறையக்கூடும், குறிப்பாக 35 வயதைக் கடந்தவர்களில். ஆகவே மூன்று முளையங்கள் போதாது, இன்னொரு தடவை முட்டை எடுக்க வேண்டியிருக்கும் என்று உங்கள் கருத்தரிப்பு நிபுணர் கருதினால், அதைப் பற்றி அயடீனுக்கு முன்பே பேசி முடியுங்கள். கொழும்பில் உறைந்திருக்கும் முளையங்களை உங்கள் உடலுக்குள் போகும் கதிர்வீச்சு எட்டாது.

உப்பு விடயம்: இப்போது நிறுத்த வேண்டாம். இலங்கையில் 1995 இலிருந்து உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டிருப்பது கழலையைத் தடுப்பதற்காக. கர்ப்பிணிக்கு அயடீன் இன்னும் அதிகமாகத் தேவை. கதிரியக்க அயடீன் கொடுப்பதாக முடிவானால் மட்டும், அதற்கு முன் ஓரிரு வாரங்கள் அயடீன் குறைந்த உணவு உண்ணச் சொல்வார்கள். அந்த நாட்களில் அயடீன் உப்பு, கடல் மீன், கருவாடு, இறால், நண்டு, பால்மா, முட்டை மஞ்சட்கரு எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஊரில் இது சிறு தண்டனைதான். கந்தளாய்க் குளத்து மீனை அயடீன் கலக்காத உப்போடு சமைத்துச் சாப்பிடலாம்.

தைரொக்சின் குளிசை

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, தேநீருக்கு முன் அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தையும் நான்கு மணி நேரம் தள்ளியே எடுக்க வேண்டும். கர்ப்பிணியானதும் கிளினிக்கில் இவை இரண்டையும் தருவார்கள், எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிடாதீர்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் விற்றமின்களில் பயோற்றின் என்ற விற்றமின் இருக்கும். அது இரத்தப் பரிசோதனையின் எண்களைக் குழப்பும். பரிசோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அளவை மாற்றினால் ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். முளையத்தை வைப்பதற்கு முன் ரி.எஸ்.எச். 2.5 இற்குக் கீழே நிலைத்திருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியானால் தைரொக்சின் தேவை உடனே கூடும். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அளவை எப்படிக் கூட்டுவது என்று வைத்தியரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருங்கள்.

வீட்டைப் பற்றி

மாமியிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் இருவருடைய இரகசியம். உங்கள் அனுமதியின்றி எந்த வைத்தியரும் அதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் அந்த இரகசியத்தின் பாரத்தை இப்போது நீங்கள் தனியே சுமக்கிறீர்கள்: சிகிச்சைக்கான பழியும் உங்கள் மேல், நோயும் உங்கள் மேல். மாமியிடம் எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானித்து, அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய குறையும் ஒரு மருத்துவ நிலைமைதான், குற்றமல்ல. அதனால்தான் உங்களுக்குப் புற்றுநோய் வந்தது என்ற எண்ணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதை மேலே எழுதியதிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவர் எழுதி எடுத்துவரட்டும். செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் அவர் மீண்டும் சாப்பிடவும் கூடும்.

கழுத்தில் பூசச் சொல்லி யாரோ தந்த எண்ணெயைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பூசினால் கட்டி கரையாது. கழுத்தைச் சூடாக்கி அழுத்தித் தேய்ப்பதை மட்டும் கட்டாயமாகத் தவிருங்கள்.

போகும்போது ஸ்கான் அறிக்கையோடு அதன் படங்களையும், கலப் பரிசோதனை அறிக்கையையும், ஐ.வி.எப். நிலையம் தந்த மருந்துப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். கருத்தரிப்பு நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் இருவருக்கும் நடுவில் செய்தி காவுபவராக நீங்கள் ஆகிவிடுவீர்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நோயியல் அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். முளையத்தை எந்த மாதத்தில் வைக்கலாம் என்று அப்போதுதான் என்னால் கணக்குப் பார்த்துச் சொல்ல முடியும்.